எண்பது, தொண்ணூறு வயதான அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர்களின் திறந்தவெளிக் கச்சேரிக்கு இப்போது காசு கொடுத்துப் போகலாமா? குரல்தான் போய்விட்டதே?

போங்கள். ஆனால் பழைய ரெக்கார்டில் கேட்ட குரலைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், அது கிடைக்காது.

நான் போனது 2024 ஜூலை 4 அன்று, கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் பிக்னிக் கச்சேரிக்கு. 1973இல் டெக்சாஸின் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸில் ஒரு பண்ணை நிலத்தில் தொடங்கி, சில வருடம் நடந்து சில வருடம் நடக்காமல், ஊர் ஊராக மாறி வருகிற கச்சேரி அது. அந்த வருடம் பிலடெல்பியாவுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியின் கேம்டனில் நடந்தது. அவருக்கு அப்போது வயது 91. அதற்கு முந்தைய இரண்டு வாரம் உடம்பு சரியில்லாமல் மேடைக்கே வரவில்லை, மகன் லூகாஸ்தான் சமாளித்துக்கொண்டிருந்தார். அதனால் இவர் வருவாரா மாட்டாரா என்று கடைசி வரை எங்களுக்குச் சந்தேகம்தான்.

வாங்கியது புல்தரை டிக்கெட். தலைக்கு மேல் கூரை கிடையாது, கொண்டுபோன தண்ணீர், நெல்சனுக்கு முன்னால் பாடிய பாப் டிலன் வருவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது. நெல்சன் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. உட்கார்ந்துதான் பாடுகிறார். முதல் பாட்டு முடிந்ததும் என் மனைவி, "என்னங்க, பாடாம பேசிட்டே இருக்காரு?" என்றாள். அவள் சொன்னது சரிதான், ஆனால் அவர் இளமையிலும் அப்படித்தான். வரியைத் தாளத்தோடு எடுக்க மாட்டார், கொஞ்சம் தள்ளி எடுப்பார், வாத்தியங்கள் முன்னால் போய்விடும், இவர் நிதானமாக வந்து சேர்ந்துகொள்வார். இப்போது மூச்சு குறைந்திருக்கிறது, வரிகளைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான். நாலாவது பாட்டிலோ ஐந்தாவதிலோ மனைவி சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

பெரிய திரையில் கிதாரைக் காட்டினார்கள். டிரிக்கர் என்று பெயர், 1969இல் வாங்கிய மார்ட்டின் கம்பெனி என்-20. நைலான் கம்பி போட்ட கிளாசிகல் வகை. அந்த வகைக் கிதாரை விரலால்தான் வாசிப்பார்கள், அதனால் பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) மரத்தில் உரசாமல் இருக்க ஒட்டும் தகடு அதில் இருக்காது. இவரோ பிக்கால் வாசிப்பவர். ஐம்பது வருடத்துக்கு மேல் உரசி உரசி மரம் தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. 1973இலிருந்து கூடவே ஹார்மோனிகா வாசிக்கும் மிக்கி ரஃபேல் அன்றும் இருந்தார். பியானோ வாசித்த அக்கா பாபி 2022இல் போய்விட்டார்.

குரல் போய்விட்டதே என்கிறீர்கள். வெறும் பாடகர் என்றால் நானும் யோசிப்பேன், மேல் ஸ்தாயி போனால் அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது. இவர்கள் பாட்டை எழுதியவர்கள். நெல்சன் எழுதிய 'கிரேஸி'யை 1961இல் பாடகி பாட்சி கிளைன் பாடித்தான் ஊருக்கே தெரிந்தது, அதாவது நல்ல குரல் வேண்டிய வேலையை அப்போதே வேறொருவர் செய்துவிட்டார். ஆனால் எழுதிய ஆள் அறுபது வருடம் கழித்துத் தன் வரியில் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துகிறார் என்பதை வேறு யாரிடமும் கேட்க முடியாது. கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு, ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு, நாஷ்வில் ஸ்டுடியோவில் தரை பெருக்கிக்கொண்டே பாட்டு எழுதியவர். குரலுக்காக அவரை யாரும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. எண்பதை நெருங்கும்போதும் தனியாக ஒரு கிதார், ஒரு ஹார்மோனிகா என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நான் இருந்த ஊருக்குப் பக்கத்தில் வந்தபோது அலுவலக வேலை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அவர் மேடையை விட்டே ஒதுங்கிவிட்டார். கேம்டனுக்கு நான் அடித்துப் பிடித்துக்கொண்டு போனதற்கு உண்மையான காரணம் அதுதான். நான் போய்வந்த பிறகு, 2024 செப்டம்பரில், கிறிஸ்டோஃபர்சன் இறந்தும் போனார்.

ஒன்று, நெல்சன் பாடியது ஒரு மணி நேரம்தான், மூன்று மணி நேரம் எதிர்பார்க்காதீர்கள். புல்தரை டிக்கெட் என்றால் விரிக்க ஏதாவது எடுத்துப் போங்கள். நாங்கள் விரித்தது கார் சீட் கவரை.