எட்டு ரெப் ஐந்தானது ஏன்? எடைப் பயிற்சியும் மாவுச்சத்தும்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளாக வாரம் 4 நாள் எடைப் பயிற்சி செய்து வருகிறேன். வயிற்றுக் கொழுப்பைக் குறைப்பதற்காக, ஆறு வாரங்களுக்கு முன் தானியம், கிழங்கு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி, மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள் கொண்டுவந்தேன். பசிக்கும்போது பாதாம், முந்திரி, பாலாடைக்கட்டி சாப்பிடுகிறேன். முதல் வாரத்திலேயே எடை 78 கிலோவிலிருந்து 75.5 கிலோவுக்கு இறங்கியது. பிறகு 74 வரை வந்து, மூன்று வாரங்களாக அங்கேயே நிற்கிறது. ஸ்குவாட்டில் (எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) 100 கிலோவை 8 ரெப், அதாவது எட்டு தடவை, எடுத்த நான், இப்போது ஐந்தாவதிலேயே நின்றுவிடுகிறேன். ஒரே ஒரு ரெப்புக்குத் தூக்கும் அதிகபட்ச எடை மட்டும் குறையவில்லை. மாவுச்சத்தை மீண்டும் சேர்த்தால் கொழுப்பு ஏறிவிடுமோ?

பதில்: ஒற்றை ரெப்பின் வலு குறையாமல் இருப்பதால், உங்கள் தசை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்திருப்பது தசைக்குள் இருக்கும் எரிபொருள். ஒரு முறை முழு மூச்சாகத் தூக்குவதற்கு, தசையில் ஆயத்தமாக இருக்கும் உடனடி எரிபொருள்களான ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் போதும். அவை ஏறத்தாழ 10 விநாடிகளுக்குத் தாங்கும். எட்டு ரெப்பை ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ஒரு செட்டோ அரை நிமிடம் வரை நீள்வதால், அதன் பிற்பகுதியைக் கிளைகோஜன்தான் சுமக்க வேண்டும். மாவுச்சத்திலிருந்து உருவாகும் இந்தச் சேமிப்பு, வளர்ந்த ஒருவரின் தசைகளில் மொத்தமாக 300 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். கொழுப்பு எவ்வளவு கைவசம் இருந்தாலும், ஒரு கடுமையான செட் கேட்கும் வேகத்தில் அதிலிருந்து ஆற்றலை எடுக்க உடலால் இயலாது. மாவுச்சத்து குறைந்த உணவில் வலிமை வளரவே வளராது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று ரெப்புக்குள் முடியும் செட்களையே செய்து, இடையில் நீண்ட ஓய்வு எடுப்பவர்கள் அதிகச் சேதமின்றிச் சமாளிக்கிறார்கள். நீங்கள் செய்யும் வகைப் பயிற்சிக்கு அது பொருந்தவில்லை என்பதை ஐந்தாவது ரெப் காட்டிவிட்டது.

முதல் வாரத்தில் இறங்கிய 2.5 கிலோவைக் கொழுப்பு என்று எண்ணியதுதான் உங்கள் அச்சத்தின் வேர். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். 300 கிராம் கிளைகோஜன் தீர்ந்தால், அதனோடு 900 கிராம் நீரும் வெளியேறி, எடைக்கருவி 1.2 கிலோ குறைவாகக் காட்டும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் நாட்களில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிக உப்பையும் வெளியேற்றுவதால் இன்னும் கொஞ்சம் நீர் போகும். நீங்கள் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்க்கும்போது இதே கணக்கு எதிர்த்திசையில் நடந்து, ஒரு வாரத்துக்குள் ஒரு கிலோவுக்கு மேல் ஏறக்கூடும். அதைக் கண்டு பின்வாங்காதீர்கள். மாவுச்சத்தைச் சேர்க்கத் தொடங்கிய முதல் இரு வாரங்களில் எடைக்கருவியை விட்டுவிட்டு, தொப்புள் மட்டத்தில் இடுப்பளவை எடுத்துக் குறித்து வையுங்கள்.

மூன்று வாரமாக எடை அசையாததற்குக் காரணம், நீங்கள் குறைத்தது மாவுச்சத்தை மட்டுமே, கலோரியை அல்ல என்பதாக இருக்கலாம். 30 கிராம் பாதாம் ஏறக்குறைய 175 கலோரி. நாளுக்கு மூன்று கைப்பிடி கொறித்தால், நிறுத்திய உணவின் பெரும்பகுதி வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும். கொழுப்பு கரைவதைத் தீர்மானிப்பது மொத்த ஆற்றலின் வரவுசெலவு. உங்கள் எடையைத் தக்கவைக்க நாளுக்கு 2500 கலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், 2100-இல் தொடங்கலாம். முதலில் புரதம்: உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் சுமார் 150 கிராம், அதாவது 600 கலோரி. அடுத்து கொழுப்பு: 60 கிராம், 540 கலோரி. இவ்விரண்டும் போக மிஞ்சும் 960 கலோரியை மாவுச்சத்துக்கு ஒதுக்கினால் நாளுக்கு 240 கிராம் கிடைக்கும். இது கிலோவுக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். ஒல்லியாகிக்கொண்டே வலுவையும் காக்க விரும்புகிறவருக்கு இது நியாயமான அளவு. பயிற்சி நாட்கள் நான்கிலும் 270 கிராம், ஓய்வு நாட்கள் மூன்றிலும் 200 கிராம் என்று பிரித்தாலும் வாரக் கணக்கு மாறாது. பயிற்சிக்கு ஓரிரு மணி நேரம் முன்பும், முடிந்த பிறகும் வரும் வேளைகளுக்குப் பெரும்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

எடை போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சமைக்காத 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து உண்டு. சமைத்த 100 கிராமிலோ 28 கிராம்தான், எஞ்சியது பெரும்பாலும் நீர். சமைக்காத அளவுக்குரிய அட்டவணையைப் பார்த்துக்கொண்டு சமைத்ததை நிறுப்பதால், கணக்கு மூன்று மடங்கு பிசகிப்போகிறவர்கள் பலர்.

வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் குறைந்தால் போதும். அதைவிட வேகமாகக் குறைந்து, குறிப்பேட்டில் ரெப்புகளும் சரிந்தால் 30 கிராம் மாவுச்சத்தைக் கூட்டுங்கள். ரெப்புகள் நிலைத்து, மூன்று வாரமாக இடுப்பளவு மாறாவிட்டால் அதே அளவு குறையுங்கள்.

கேள்வி: காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் பயிற்சி செய்கிறேன். முன்னதாகச் சாப்பிட வேண்டுமா? இரவில் உண்ணும் மாவுச்சத்து கொழுப்பாகிவிடும் என்கிறார்களே?

பதில்: உறக்கத்தின்போது கல்லீரலின் கிளைகோஜன் வெகுவாகக் குறையும், தசையில் உள்ளது பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே முந்தைய இரவு போதிய மாவுச்சத்து உண்டிருந்தால், ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அதுவே உதவும். தலை சுற்றினால் அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். நாள் முழுவதற்குமான கலோரி அளவு மீறாதவரை, இரவில் உண்டதால் மட்டும் கொழுப்பு சேராது.

கேள்வி: நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறேன். எடைப் பயிற்சியோடு மாவுச்சத்தையும் குறைக்கலாமா?

பதில்: மருத்துவரிடம் சொல்லாமல் குறைக்க வேண்டாம். சுருங்கி விரியும் தசை இன்சுலின் இல்லாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்வதால், பயிற்சி உங்களுக்கு மிக நல்லது. ஆனால் இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்கு, பயிற்சியும் குறைந்த மாவுச்சத்தும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை எடுப்பவருக்கோ, மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் அபாயம் உண்டு. மருத்துவர் அளவை மாற்றித் தரும்வரை இப்போதைய உணவையே தொடருங்கள். ஜிம் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் வந்து, சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், பயிற்சியை நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.