ஒழுக்கமும் உரிமையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கே தேயிலைத் தோட்டச் சரிவில் அமர்ந்திருந்த ஓர் இளம் ஜோடியை யாரோ மறைந்திருந்து படமெடுத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் பரப்பிவிட்டார்கள். அதே வாரம், ஒரு பெண் தன் உடலைப் பற்றி முகநூலில் எழுதிய கவிதையும் சுற்றுக்கு வந்தது. கருத்துரிமை என்று சொல்லி எதையும் போடலாமா? பொது ஒழுக்கத்தைக் கெடுக்கும் இவ்விரண்டையும் சட்டம் தடுக்க வேண்டாமா?

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கவிதை எழுதியவர் தன்னைப் பற்றித் தானே பேசினார். பிடிக்காதவர் படிக்காமல் விடலாம், கடுமையாக மறுத்தும் எழுதலாம். அந்த ஜோடியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோத்தகிரி, குன்னூர் போன்ற ஊர்களில் முகத்தை மறைத்தாலும் ஸ்வெட்டரையும் வண்டியையும் வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். ‘நம் பண்பாடு எங்கே போகிறது’ என்ற வரியோடு அதை அனுப்பியவர்கள்தான் அந்தப் பெண்ணின் வீட்டு வாசல்வரை அவமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் ஒழுக்கக் கேடு என்பது அதைத்தான்.

அரசியலமைப்பின் 19(2) பிரிவு ஒழுக்கத்தின் பொருட்டுப் பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது என்பது உண்மையே. எனினும் பிறருக்கு எரிச்சலூட்டுவதையே குற்றமாக்கினால் என்ன ஆகும் என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு காட்டிவிட்டது. 2012-ல், மும்பையின் முழு அடைப்பைப் பற்றி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும் அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. நீங்கள் கேட்கும் தடை வந்தால் முதலில் சிக்குபவர் அந்தக் கவிஞராகத்தான் இருப்பார். ஒளிந்திருந்து படமெடுத்தவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

பொது இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தரங்கம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறது.

அந்தப் படம் உங்கள் குழுவில் இன்னும் இருந்தால், அட்மினிடம் சொல்லி இன்றே நீக்கச் செய்யுங்கள். கவிதைக்கு மறுப்பு எழுதுவதானால் தாராளமாக எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.