பெங்களூரில் பழைய பிளேஸ்டேஷன் 3 வாங்கினால் ஃபேட், ஸ்லிம், சூப்பர் ஸ்லிம் மூன்றில் எது நல்லது?

ஸ்லிம். அதிலும் 2100 அல்லது 2500 வரிசை.

நேஷனல் மார்க்கெட்டிலோ எஸ்பி ரோட்டிலோ விசாரித்தால் முதலில் காதில் விழுவது ஹார்ட் டிஸ்க் அளவுதான். அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது லேப்டாப்பில் வரும் சாதாரண 2.5 இன்ச் சாட்டா டிஸ்க். 9.5 மி.மீ. தடிமனுக்குள் இருக்கும் வேறு டிஸ்க்கை நீங்களே மாற்றிவிடலாம். பார்க்க வேண்டியது கன்சோலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை. சிஇசிஎச் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வருவதுதான் அந்தப் பெட்டியின் ஜாதகம்.

சிஇசிஎச்சுக்குப் பின் இன்னொரு எழுத்து வந்தால் அது ஃபேட், அதாவது முதலில் வந்த தடித்த மாடல். எண் வந்தால் ஸ்லிம் அல்லது சூப்பர் ஸ்லிம், அந்த எண்தான் வரிசை. 2006இல் வந்த ஏ, பி மாடல்களில் பிளேஸ்டேஷன் 2இன் சிப்கள் முழுதாக உண்டு. சி, இ மாடல்களில் பாதி சிப், பாதி மென்பொருள், அதனால் சில கேம்கள் தடுமாறும். இந்த நான்குக்கும் முன்பக்கம் நான்கு யூஎஸ்பி துளைகள் இருக்கும். இரண்டே துளைகள் இருக்கும் ஃபேட்டைக் காட்டி "பிஎஸ் 2 டிஸ்க்கும் ஓடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் மட்டும் எல்லா மாடலிலும் ஓடும்.

நான்கு துளை ஃபேட் கிடைத்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். அதன் 90 நானோமீட்டர் கிராஃபிக்ஸ் சிப் கடுமையாகச் சூடாகும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில் உள்ள இணைப்புகள் விட்டுப்போகும். போர்டில் உள்ள மின்தேக்கிகளும் வலுவிழக்கும். மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து, பீப் சத்தத்தோடு அணைவது இதனால்தான். ஹீட் கன் வைத்துச் சூடுகாட்டினால் சில வாரங்கள் ஓடும், பிறகு மறுபடியும் போகும். அப்படி ஓட்டிக் காட்டித் தள்ளிவிடப்படும் பெட்டிகள் சந்தையில் நிறைய. சீல் ஸ்டிக்கர் கிழிந்த ஃபேட்டைத் தொடவே வேண்டாம். பிஎஸ் 2 கேம்தான் ஆசை என்றால் தனியாக ஒரு பிஎஸ் 2 வாங்குவது மேல்.

2009இல் வந்த ஸ்லிம்மில் பிராசஸர் 45 நானோமீட்டருக்கு இறங்கியது. 2000 வரிசையில் கிராஃபிக்ஸ் சிப் 65, 2100இலிருந்து 40. இந்த எண் குறைந்தால் சூடும் குறையும். கேம் ஓடும்போது முதல் ஃபேட் சுமார் 200 வாட் இழுக்கும், ஸ்லிம்முக்கு அதில் பாதி போதும். 3000 வரிசையும் உறுதியானதுதான். ஆனால் முழு கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது சோனியின் இயக்க மென்பொருளுக்குப் பதிலாகப் பிறர் மாற்றியமைத்தது, 2500 வரைதான் ஏறும், அதிலும் சில 2500களில் ஏறாது. 3000, 4000 வரிசைகளில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இயக்க வேண்டிய ஹென் என்ற மாற்று வழி மட்டுமே. கஸ்டம் ஃபர்ம்வேர் வேண்டாதவர்கள் 3000த்தைத் தயங்காமல் வாங்கலாம்.

2012இன் சூப்பர் ஸ்லிம், அதாவது 4000 வரிசை, மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு. மேல்பக்கத்தில் நகர்த்தித் திறக்கும் மூடிதான் பலவீனம். 12 ஜிபி மாடலாக இருந்தால் கவனம்: ஜிடிஏ 5 கேம் ஒன்றே 8 ஜிபி இன்ஸ்டால் கேட்கும். ஹார்ட் டிஸ்க் போடலாம், ஆனால் அதற்கான தகடு தனியாக வாங்க வேண்டும்.

சோதிக்கும்போது பலர் ஏமாறுவது டிஸ்க் டிரைவில். பிளேஸ்டேஷன் 3 கேம்கள் ப்ளூரே. டிவிடிக்கும் ப்ளூரேவுக்கும் லேசர் வேறு. சினிமா டிவிடி ஓடுவதால் எதுவும் நிரூபணமாகாது. ஜெயில்பிரேக் செய்த, அதாவது கஸ்டம் ஃபர்ம்வேரோ ஹென்னோ ஏற்றிய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கேமை ஓட்டிக் காட்டினாலும் அப்படியே. ஒரிஜினல் கேம் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அரைமணி நேரம் ஓட்டுங்கள். பத்தே நிமிடத்தில் ஃபேன் இரைந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கும், அல்லது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். காற்றுத் துளைகளில் டார்ச் அடித்துக் கரப்பான் எச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது போர்டை அரித்துவிடும். டிரைவ் கெட்டால் லேசரை மட்டும் மாற்றலாம். டிரைவின் சர்க்யூட் போர்டு அந்தந்த மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது, வேறு பெட்டியின் போர்டைப் பொருத்தினால் கேம் ஓடாது. அங்கேயே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு சோனியின் ஆன்லைன் சேவையான பிஎஸ்என்னில் லாகின் செய்துவிடுங்கள், தடை செய்யப்பட்ட கன்சோலா என்பது தெரிந்துவிடும்.

புது டிஸ்க் போட்டால் ஃபர்ம்வேர் கேட்கும். பென்டிரைவை ஃபேட் 32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்து, பிஎஸ்3 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். டவுன்லோட் செய்த ஃபர்ம்வேர் ஃபைலை அப்டேட் ஃபோல்டருக்குள் வையுங்கள். இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் ஃபைல் பெயரோடு (1) ஒட்டிக்கொள்ளும், அதை நீக்காவிட்டால் கன்சோல் கண்டுகொள்ளாது. பழைய டிஸ்க்கில் உள்ள சேவ்களை முன்பே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் அந்தந்தக் கன்சோலுக்கென்று என்கிரிப்ட் ஆனது, கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்க முடியாது.

வீட்டில் வைஃபை தெரியவில்லை என்றால் கன்சோலைச் சந்தேகப்படாதீர்கள். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரூட்டரில் அதை இயக்கி, பாதுகாப்பை டபிள்யூபிஏ 2இல் வையுங்கள், அல்லது லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.