கரு டெஸ்ட் செய்யாத டாக்டர் மீது கேஸ் போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். மனைவிக்கு 38 வயது. நாகர்கோவிலில் இரண்டு முறை ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்தும் கலைந்துவிட்டது. கருவுக்கு மரபணு டெஸ்ட் கேட்டோம், டாக்டரம்மா தேவையில்லை என்றார். திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டர், 'இந்த வயதில் டெஸ்ட் பண்ணாமலா வைத்தார்கள்?' என்கிறார். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, நர்ஸ் எரிந்து விழுந்தார் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் அதற்கு மதிப்பில்லை. தலசீமியா மாதிரி பரம்பரை நோய் குடும்பத்தில் இருந்து, அதைச் சொல்லியும் அவர் டெஸ்ட் செய்யவில்லையா? அது மட்டும்தான் கேள்வி. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வயதுக்காக மட்டும் குரோமோசோம் பார்ப்பது டாக்டர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. ஐந்தாம் நாள் கருவின் வெளிப்பக்கத்தில் சில செல்களைக் கிள்ளி எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் கோளாறு தெரிந்தாலும் உள்ளே நன்றாக இருக்கலாம். நல்ல கருவைத் தூக்கிப் போட்டுவிடுவோமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. வேறு நல்ல வழி இருந்தது என்பதாலேயே, ஏற்கப்பட்ட முறையில் போன டாக்டரை அலட்சியக்காரர் ஆக்க முடியாது என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருவனந்தபுரம் டாக்டர் சாட்சிக்கூண்டு ஏறுவாரா? கேட்டுப் பாருங்கள், போனை எடுக்க மாட்டார்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஆதாரம் என்று அனுப்பிய வாட்ஸ்அப் படங்களில் ஆறாவதைத் திரும்பப் பாருங்கள். 'டெஸ்ட் பண்ணினா பையனா பொண்ணான்னும் தெரியும்ல மேடம், அம்மா கேக்காங்க.' டாக்டர் பதில் போடவில்லை. நீங்கள் கேஸ் போட்ட அன்றே அவருடைய வக்கீல் இதைத்தான் நீட்டுவார்: பாலினம் பார்க்கக் கேட்டார்கள், மறுத்தேன். கேஸ் அங்கேயே முடிந்தது, உங்களுக்கு அப்புறம்தான் ஆரம்பம். 1994-ம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் 23-ம் பிரிவில், உதவி கேட்டவருக்கே 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், பிறகு பேசித் தீர்க்கவும் வழியில்லை. 'சும்மாதான் கேட்டேன் சார்' என்று என்னிடம் வந்த ஒருவர், நஷ்டஈட்டை மறந்து முன்ஜாமீனுக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு அலைந்தார். மெசேஜை அழிக்கவும் வேண்டாம். டாக்டர் போனில் அது இருக்கிறது, அழித்தது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

உறையவைத்த இரண்டு கரு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்கிறீர்கள். 2021-ம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அதை வேறு இடத்துக்கு மாற்றத் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த மருத்துவமனையின் பேப்பர் இல்லாமல் எதுவும் நகராது. ஆகவே நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நேரில் போய் கேஸ் ஷீட் நகலும், மூன்றாவது முறைக்குக் கட்டிய முன்பணமும் கேளுங்கள். கொடுப்பதை வாங்கிக்கொண்டு முடியுங்கள். அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம்.