தெஸ்ஸிதூரா: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டில் எங்கள் ஆலயப் பாடற்குழு கிறிஸ்துமஸுக்கு ஹேண்டலின் ‘அல்லேலூயா’வைப் பழகுகிறது. ஈப்போவிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தவர், “சோப்ரானோவுக்கு தெஸ்ஸிதூரா மேலே இருக்கு, கவனம்” என்றார். சோப்ரானோ என்றால் பெண்களின் மேல் குரல். எங்கள் பெண்களுக்கு மேல் ஏ சுரம் வரை எட்டுகிறது. அப்புறம் ஏன் பாதியிலேயே தொண்டை கட்டிக்கொள்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எட்டுவது வேறு, அங்கேயே நின்று பாடுவது வேறு. அடி சுரம் முதல் உச்ச சுரம் வரை உள்ளது குரலின் வீச்சு. அதற்குள் பாட்டு பெரும்பாலும் எங்கே உலவுகிறதோ அதுதான் தெஸ்ஸிதூரா. ஒரே வீச்சுள்ள இரண்டு பாட்டுகளில் ஒன்று சுகமாகப் போகும், இன்னொன்று ஆளைப் படுத்திவிடும்.

‘கிங் ஆஃப் கிங்ஸ்’ வருமிடத்தைப் பாருங்கள். மற்றவர்கள் கீழே ‘ஃபாரெவர், அல்லேலூயா’ என்று அடித்துக்கொண்டிருக்க, சோப்ரானோ ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்கிறது. பிறகு டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று ஏற்றம். ஜி நம் கணக்கில் ஐந்து கட்டை, அதுவும் மேலே. நடுவில் இறங்கி இளைப்பாற இடமில்லை. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி (1824) இன்னும் மோசம், மேல் ஏ-யிலேயே நிறுத்தி வைப்பார்.

கச்சேரி பாடுகிறவர் தன் குரலுக்கேற்ற கட்டையில் சுருதி வைத்துக்கொள்வார். நான்கு குரல் சேர்ந்து பாடும்போது அந்தச் சலுகை கிடையாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் அழுத்தி சுருதியை இறக்கலாம்தான். ஆனால் ஏற்கெனவே கீழே நிற்கும் பாஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், இன்னும் கீழே போனால் வெறும் காற்றுதான் வரும்.

எனக்கு உங்கள் ஆள் பிரிப்பின் மேல்தான் சந்தேகம். ஏ எட்டுகிறது என்றதும் சோப்ரானோவில் உட்கார வைத்திருப்பீர்கள். தோட்டத்துப் பெண்களுக்குக் குரல் கணீரென்று இருக்கும், அதுவே ஏமாற்றும். நடு சி-க்கு மேலுள்ள ஏழெட்டு சுரங்களில் யாருக்குக் குரல் சுகமாக நிறைகிறது என்று கேளுங்கள். அவர்கள் ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல்.

மிச்சமிருப்பவர்கள் நீண்ட சுரத்தில் ஆளுக்கொரு நேரத்தில் மூச்சு எடுக்கட்டும். ‘கிங்’கின் இகரம் மேலே போனால் இறுகும், வாயை எகரத்தின் பக்கம் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து நேராக வருகிறவர்களை அந்தப் பக்கத்தை முழுக்குரலில் திரும்பத் திரும்பப் பாட வைக்காதீர்கள். ஒரு ஸ்தாயி கீழே பாடியே மனப்பாடம் பண்ணிவிடலாம்.