அமில எதுக்களிப்பால் உணவுக்குழாயின் மரபணுக்கள் மாறிவிடுமா?

நெஞ்செரிச்சல் பல ஆண்டுகள் நீடித்தால் உணவுக்குழாயின் மரபணுக்களே மாறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் எதுக்களிப்பு, அதாவது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி வரும் தொல்லை, உண்டு. பயாப்ஸி (திசுத் துண்டை எடுத்துச் செய்யும் சோதனை) அறிக்கையில் இருந்த ஒரு சொல் புரியாமல்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன். ‘மாறுதல்’ என்பதில் இரண்டு நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. ஒரு மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பது மாறலாம். அல்லது அதன் டி.என்.ஏ. எழுத்துகளே மாறலாம். எதுக்களிப்பில் முதலில் நிகழ்வது முன்னதுதான்.

அமிலம் மேலிருந்து அரித்துப் புண்ணாக்குகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2009-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வில், எதுக்களிப்பை உண்டாக்கிய மூன்றாம் நாளிலேயே உட்சவ்வுக்கு அடியிலுள்ள படலத்தில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் திரண்டிருந்தன. மேற்பரப்பில் புண் தோன்றியதோ சில வாரங்கள் கழித்துத்தான். அமிலமும் பித்த உப்புகளும் படும்போது உட்சவ்வுச் செல்களுக்குள் என்எஃப்-கப்பா-பி என்னும் புரதம் முடுக்கப்பட்டு, இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சித் தூதுப் பொருள்களின் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அவை அழைத்துவரும் வெள்ளணுக்களே சேதத்தில் பெரும்பங்கை விளைவிப்பதாக இந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அமிலத்தை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் இந்த அழற்சி பெரும்பாலும் ஆறிவிடும்.

சிலருக்கு மட்டும் இது பாரெட் உணவுக்குழாய் என்னும் நிலைக்குச் செல்கிறது. தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக அமைந்த உட்சவ்வைக் காப்பவை சாக்ஸ்2, பி63 ஆகிய மரபணுக்கள். பாரெட் பகுதியில் அவை தணிந்து, குடல் செல்களுக்குரிய சிடிஎக்ஸ்2 ஓங்கியிருக்கிறது, சளி சுரக்கும் செல்களும் அங்கே காணப்படுகின்றன. இதைத்தான் மெட்டாப்ளேசியா என்கிறார்கள். (எனக்குப் புரியாத சொல் இதுவே, அதற்கு எதிரில் ‘இல்லை’ என்று எழுதியிருந்ததை இரண்டு நாள் பயந்த பிறகே கவனித்தேன்.) தட்டைச் செல்லே உருமாறி இப்படி ஆகிறது என்ற கருத்தைவிட, இரைப்பையின் மேல்வாயைச் சேர்ந்த செல்கள் சி-மிக், ஹெச்என்எஃப்4ஏ ஆகிய மரபணுக்களின் தூண்டலால் பாரெட் செல்களாகின்றன என்று 2021-இல் வெளிவந்த ஆய்வே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இந்த நிலை வந்தபின் மருந்தால் அமிலம் குறைந்தாலும் உட்சவ்வு பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை.

டி.என்.ஏ. எழுத்துப் பிழைகள், அதாவது சடுதி மாற்றங்கள், வேறு கதை. எதுக்களிப்பே இல்லாதவர்களின் உணவுக்குழாயிலும் நடுவயதுக்குள் நாட்ச்1 மரபணு மாறிய செல்கள் பரந்து கிடப்பதாக 2018-இல் தெரியவந்தது. ஆகவே மாற்றம் இருப்பதாலேயே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாரெட் பகுதியில் கவலைக்குரியது, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் பி53 மரபணு பழுதாவதுதான். செல்களில் ஒழுங்குக்கேடு தென்படாத பாரெட் நோயாளிகளில் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அது புற்றுநோயாகிறது. இருந்தும் நோயியல் மருத்துவர் ஐயம் எழும்போது பயாப்ஸித் துண்டுக்கு பி53 சாயம் ஏற்றிப் பார்ப்பது, பி53 பழுதாகியிருக்கிறதா என்று அறியத்தான்.