உள்ளங்கை ஏன் இப்பிடி உளையுது?

கேள்வி: டொக்டர், எனக்கு பைப்ரோமயால்ஜியா, அதுதான் உடம்பு முழுக்க நீண்ட நாளா நோவும் களைப்பும் தாற வருத்தம். மாரியில வாடைக்காத்து தொடங்கினா கை காலெல்லாம் குளிர்ந்து ஒரே உளைவு, பிளட் டெஸ்ட் எல்லாம் நோர்மல், வீட்டில சும்மா சொல்லுறன் எண்டு நினைக்கினம். கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சா கொஞ்சம் சுகம், ஏன் அப்பிடி?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, உங்கட நோ உண்மையான நோ, இந்தப் பக்கத்தையே வீட்டு ஆக்களுக்குக் காட்டுங்கோ. உள்ளங்கை, உள்ளங்கால் தோலுக்கடியில ரத்தம் கொண்டு வாற சின்ன நாடியையும் அதத் திருப்பிக் கொண்டு போற நாளத்தையும் நேர இணைக்கிற குறுக்குக் குழாயள் இருக்கு, வெக்கைக்குத் திறந்து குளிருக்கு மூடி உடம்புச் சூட்டப் பாக்கிறது அதுகள்தான். 2013ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் பைப்ரோமயால்ஜியா உள்ள பொம்பிளையளின்ர உள்ளங்கைத் தோலில சின்னத் துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில பாத்தினம், அந்தக் குழாயளச் சுத்தி உணர்வு நரம்புகள் மற்ற ஆக்கள விடக் கூடவா இருந்திச்சு. அதால ரத்த ஓட்டம் குழம்பி தசைக்குப் போறது குறையலாம் எண்டது அவையின்ர கருத்து, இன்னும் முழுசா நிரூபிக்கேல்ல. சாதாரண பிளட் டெஸ்ட்டில இது தெரியவே தெரியாது, அதுதான் உங்கள ஒருத்தரும் நம்பேல்ல, எனக்கு அதுதான் கவலை. சுடுதண்ணியில குழாயள் விரிஞ்சு தசை இளகும், அதான் அந்தச் சுகம். ஆனா தினமும் மெதுவா நடக்கிறத விட்டிடாதேங்கோ, நீண்ட நாளைக்கு அதுதான் கைகுடுக்கும். குளிருக்கு விரல் வெள்ளையாகிப் பிறகு நீலமானா அது வேற பிரச்சினையா இருக்கலாம், கட்டாயம் டொக்டரிட்ட நேர காட்டுங்கோ.